தண்ணி இருந்துச்சு, ஒதுங்கத்தான் இடம் இல்ல

2023 மே மாசம், சென்னை ஓஎம்ஆர்ல ஒரு 14 மாடி அப்பார்ட்மென்ட் வேலை, நான் அங்க சைட் இன்ஜினியர். 11வது மாடித் தளத்துக்கு (ஸ்லாப்) கம்பி கட்டிட்டு இருந்தாங்க, மறுநாள் காலைல கான்கிரீட் போடணும். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, திருவண்ணாமலை பக்கத்து அண்ணன் ஒருத்தர் கையில இருந்த கம்பி கட்டுற கொக்கியைக் கீழ போட்டுட்டு, இடது இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே குந்திட்டாரு. வாயுப்பிடிப்பா இருக்கும்னு ஒருத்தர் சோடா வாங்க ஓடினாரு. ஆனா அந்த மனுஷனால உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல, சூடான கம்பி மேலயே புரள்றாரு, வாந்தி வேற. நாலு பேர் கைத்தாங்கலா 11 மாடி இறக்கி கொண்டு வந்தோம், அந்தப் படிக்கட்டு முழுக்க அவர் "அம்மா அம்மா"ன்னு கத்தினது எனக்கு இன்னும் காதுல இருக்கு.

ஸ்கேன்ல 9 மில்லிமீட்டர் கல்லு, சிறுநீர்க் குழாய்ல வந்து அடைச்சிருந்துச்சு. 5 மில்லிக்குள்ள இருந்தா பெரும்பாலும் தானா இறங்கிடும், இது அப்படிப் போகாது, உள்ள கருவி விட்டுத்தான் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் "வேலை நேரத்துல எவ்ளோ தண்ணி குடிப்பீங்க"ன்னு கேட்டாரு. "குடிக்கிறதில்லைங்க சார், வாய் நனைச்சிக்குவேன்"னாரு அண்ணன். எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு, ஏன்னா ஒவ்வொரு மாடியிலயும் 20 லிட்டர் கேன் வைக்க வச்சதே நான்தான், தினமும் காலைல வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்ல தண்ணி குடிங்க தண்ணி குடிங்கன்னு கத்துறதும் நான்தான்.

ஏன் குடிக்கலன்னு பிறகு பொறுமையா கேட்டேன். டாய்லெட் தரையில, அதுவும் லேபர் ஷெட்டுக்கு அந்தாண்ட. ஹாய்ஸ்ட்ல, அதாவது சைட் லிஃப்ட்ல, மெட்டீரியல் போறதுக்கே நேரம் பத்தாது, ஆளு படியிலதான் இறங்கி ஏறணும், போயிட்டு வர அரை மணி நேரம். கம்பி வேலைக்குக் கூலி எத்தனை டன் கட்டுனோம்ங்கற கணக்கு வேற, ஒருத்தர் இறங்கிப் போனா கூட இருக்கிற அத்தனை பேர் கூலியும் அடி வாங்கும், மேஸ்திரி வாயால ஒண்ணும் சொல்லலன்னாலும் மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். "குடிச்சா போகணும் சார், அதான் குடிக்கிறதில்ல." இவ்ளோதான் விஷயம். ரெண்டு வருஷம் அந்த சைட்ல இருந்த எனக்கு இது தெரியல, ஏன்னா எனக்கு ஆபீஸ் கன்டெய்னர் பக்கத்துலயே டாய்லெட்.

தக்காளி சாப்பிட்டதால கல்லு, ஊர்த் தண்ணியால கல்லுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஆனா அந்த வெயில்ல உடம்புத் தண்ணியெல்லாம் வேர்வையா போயிடுது, மிச்சம் இருக்கிற மூத்திரம் கெட்டியாகி அதுல இருக்கிற உப்பு படிஞ்சு படிஞ்சு கல்லாகுது. கணக்கு பாக்க வேண்டியது எவ்ளோ குடிச்சோம்ங்கறது இல்ல, எவ்ளோ வெளிய போச்சுங்கறது, ஒரு நாளைக்கு 2 லிட்டருக்குக் குறையாம போகணும், அதுவும் வெளுத்த நிறத்துல. அண்ணனுக்கு மாசக்கணக்கா கடுத்த டீ நிறத்துல எரிச்சலோட போயிருக்கு, சூடு பிடிச்சிருக்குன்னு கால் கட்டைவிரல்ல சுண்ணாம்பு தடவிட்டு, வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டே வேலைக்கு வந்திருக்காரு. உடம்புல தண்ணி வத்தியிருக்கும்போது அந்த வலி மாத்திரையே கிட்னியைக் கெடுக்கும்னு டாக்டர் சொன்னப்போ அவர் சம்சாரம் தலையில அடிச்சிக்கிட்டாங்க. ஆபரேஷன், உள்ள ஸ்டென்ட்னு ஒரு சின்னக் குழாய், அதை எடுக்க இன்னொரு தடவைன்னு ஒரு மாசம் வேலை போச்சு, அந்த ஒரு மாசத்துக்குக் கூலி கிடையாது.

1996ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்துலயே, கழிப்பிடம் வேலை நடக்கிற இடத்துல, ஆளுங்க எந்நேரமும் போற மாதிரி வசதியா இருக்கணும்னு அப்போ எழுதியிருந்துச்சு. தரையில நாலு டாய்லெட் கட்டிட்டு ரெஜிஸ்டர்ல டிக் போட்டா அது 11வது மாடில நிக்கிறவனுக்கு எப்படி வசதியாகும்? இதையேதான் அடுத்த ரிவ்யூ மீட்டிங்ல கேட்டேன், கொஞ்சம் சத்தமாவே கேட்டேன். செலவுன்னாங்க, நாத்தம் வரும்னாங்க. ரெண்டு வாரம் விடாம நின்னு, பைப் போறதுக்குன்னு விட்டிருந்த டக்ட் வழியா பிவிசி பைப் இறக்கி, தகர ஷீட் அடிச்சு, 4, 8, 11வது மாடில தற்காலிக டாய்லெட் வச்சோம். அடுத்த வாரமே மேல் மாடி கேனெல்லாம் மத்தியானத்துக்குள்ள காலி, ஸ்டோர்ல இருந்து போன் மேல போன். அதுக்கு முன்னாடி அதே கேன் சாயங்காலம் பாதிக்கு மேல அப்படியே இருக்கும்.

ஆனா சித்தாள் அக்காங்க மட்டும் அப்பவும் குடிக்கல. காலைல வீட்ல போறது, திரும்ப ராத்திரி வீட்லதான், பல பேருக்கு நீர்க்கடுப்பு, யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க. 8வது மாடில ஒரு ரூமை லேடீஸ்னு எழுதி வச்சேன், ஒரு வாரம் ஆச்சு, யாரும் போகல. கடைசில ஒரு அக்காதான் தனியா வந்து மெதுவா சொன்னாங்க, "உள்தாப்பா சரியில்ல தம்பி, கதவுக்குக் கீழ ஒரு சாண் இடைவெளி இருக்கு, மத்த நேரம் ஆம்பளைங்களும் போறாங்க. நல்ல தாப்பா போட்டு, வெளிய ஒரு பூட்டு வாங்கிக் குடு, சாவி எங்ககிட்டயே இருக்கட்டும்."

அன்னைக்கே கார்பென்டரை விட்டு ஷீட்டை இறக்கி, தாப்பா மாத்தி, பூட்டு வாங்கிக் குடுத்தேன். வேலை முடியற வரைக்கும் அந்தச் சாவி அவங்க முந்தானையிலதான் முடிஞ்சிருந்துச்சு.