பூஜ்யத்திலிருந்து ஒன்று கழித்தேன்

நேற்று ராத்திரி வீட்டுக் கடைக்காக ஒரு சின்ன ஸ்டாக் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கையிருப்பு பூஜ்யம், அதில் ஒன்றைக் கழித்ததும் திரையில் 18446744073709551615 என்று வந்து நின்றது. தப்பு என்னுடையதுதான், மைனஸே பிடிக்காத 64 பிட் வகையில் அந்த எண்ணை வைத்திருந்தேன், கீழே போக வழியில்லாமல் அது நேரே உச்சிக்குத் தாவிவிட்டது. திருத்துவது இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த எண் விடவில்லை.

2-இன் 64-வது அடுக்கில் ஒன்று குறைவு. கேரளத்து அம்பலப்புழை கோயிலின் பால்பாயசக் கதையில், ஆட்டத்தில் தோற்ற ராஜா சதுரங்கக் கட்டத்துக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று அரிசி வைத்துக்கொண்டே போவாரே, அந்த 64 கட்டத்தையும் கூட்டினால் வருவது இதுதான். ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தால் சுமார் 46,000 கோடி டன். பாவம் ராஜா!

சரி, இதன் காரணிகள் என்ன? கடைசி இலக்கம் 5, அதனால் 5 உண்டு. இலக்கங்களைக் கூட்டினால் 87, அதனால் 3 உண்டு, 9 இல்லை. இப்படியே வகுத்துப் பார்த்தால் விடிந்துவிடும் என்று நினைத்தேன், ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயரே போதும். இந்த எண் 4294967296-இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு, ஆகவே 4294967295 பெருக்கல் 4294967297. முதல் துண்டை அதே மாதிரி மறுபடி மறுபடி உடைத்தால் கடைசியில் மிஞ்சுவது 3, 5, 17, 257, 65537, அப்புறம் அந்த 4294967297.

முதல் ஐந்தும் பகா எண்கள். ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும்; இந்த வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதக்காரர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணிதக்காரர் ஆய்லர் ஆறாவதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். ஆக மொத்தம் ஏழு பகாக் காரணிகள், எதுவும் இரண்டு தடவை வராது, அதனால் நம் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் சரியாக 128.

எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்: 4294967297-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாகத்தான் இருக்க முடியும். அது ஃபெர்மாவின் சொந்தத் தேற்றத்திலிருந்தே வந்துவிடும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து வகுத்தல், மனுஷன் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் நானே போட்டுப் பார்த்தேன். நான்கில் மீதி நின்றது, ஐந்தாவதில் சுத்தமாகப் போய்விட்டது. 577-க்குக் கழித்தலில் தப்பு விட்டு மறுபடி போட்டதையும் சேர்த்து இருபது நிமிஷம். ஸ்டாக் கணக்கு இன்னும் அப்படியே கிடக்கிறது.