இரண்டு வயது மருமகளுக்கு ஒரு கொட்டான்

தங்கை மகளுக்குப் போன மாதம் இரண்டு வயது நிறைந்தது. தாய்மாமன் என்ற முறையில் முதல் பிறந்தநாளுக்கே என் மடியில் உட்கார வைத்து, காது குத்தி, தங்கத் தோடு போட்டாயிற்று. அது உறவினர் பார்க்கச் செய்கிற சீர். அதில் யோசிப்பதற்கு அன்றைய தங்க விலையைத் தவிர வேறொன்றும் இல்லை. குழந்தை தன் கையால் எடுத்து விளையாட ஒரு பொருள் வாங்குவதுதான் இந்த முறை என்னை மூன்று வாரம் மதுரைக் கடைவீதிகளில் அலைய வைத்தது.

இவ்வளவு தயக்கம் எனக்கு வந்ததற்குக் காரணம், தோட்டோடு சேர்த்துச் சென்ற ஆண்டு அவசரமாக வாங்கிக் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் ரயில். விளக்கு மின்னும், பாட்டுப் பாடும். நான்காம் நாள் அது கட்டிலிலிருந்து விழுந்ததில் அடிமூடி தெறித்துவிட, உள்ளே இருந்த காசு போன்ற தட்டைப் பேட்டரியைக் குழந்தையின் மூடிய கைக்குள்ளிருந்து தங்கை பிரித்து எடுத்தாள். "வாய்க்குப் போக ஒரு நொடிதான் பாக்கி அண்ணே" என்று தொலைபேசியில் அவள் சொன்னபோது அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கவில்லை. பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சில் ஈரத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து அந்த இடத்தில் காரப்பொருள் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்து கடுமையான புண்ணாகிவிடும். அதனால்தான் நல்ல பொம்மைகளில் பேட்டரி அறையின் மூடி திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருக்கும். நான் வாங்கிய ரயிலில் இருந்தது நகத்தால் நெம்பினாலே திறக்கிற வெறும் பிளாஸ்டிக் கொக்கி.

ஆகவே இந்த ஆண்டு அம்மாவின் பூஜை அலமாரியிலிருந்து ஒரு பழைய பிலிம் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அப்பாவின் கேமரா ஓய்ந்த காலத்திலிருந்து அம்மா அதில் விபூதி வைத்திருந்தார். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறிய உருளையைப் பயன்படுத்துகிறார்கள். பொம்மையோ அதிலிருந்து கழன்று வரும் துண்டோ அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால், அது குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று பொருள். பிலிம் டப்பாவும் ஏறக்குறைய அதே அளவுதான்.

டப்பாவிடம் முதலில் தோற்றது நான் ஆசைப்பட்டுப் போன பொருளே. குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய புதுமண்டபத்துக் கடைகளில் ஒன்றில், கடைசல் பிடித்த மரச் சொப்புச் சாமான்கள் சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கியிருந்தன. என் தங்கை திண்ணையில் வைத்து மண் சோறு சமைத்த அதே அம்மி, உரல், குடம், சொம்பு. சொம்பை எடுத்து டப்பாவுக்குள் விட்டேன். 'டொக்' என்று அடிவரை போயிற்று. தம்ளரும் போயிற்று. உரலுக்கு உரிய உலக்கையைப் பார்த்தபோது சோதிக்கவே தேவையில்லை என்று தோன்றியது. "நாமெல்லாம் இத வச்சு விளையாடலையா சார்?" என்று கடைக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் விளையாடியது ஐந்து வயதில். இவளுக்கு இப்போது எந்தப் பொருளையும் அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் உறுப்பு வாய்தான். சொப்பை மூன்று ஆண்டு கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

பெரிய கடைகளில் பெட்டியைத் திருப்பி ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடினேன். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் அது கட்டாயம். முத்திரையோடு உரிம எண்ணும் இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்க்கலாம். ஆனால் இதில் ஒரு விலக்கு உண்டு. கைவினைத் துறையில் பதிவு செய்த கலைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இந்த முத்திரை தேவையில்லை. சிறிய தொழிலாளியின் மேல் சோதனைச் செலவை ஏற்றாத நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆயினும் அங்கே சோதிக்கும் வேலை வாங்குகிற நம் தலையில் விழுகிறது.

எனக்குப் பிடித்துப்போன சன்னபட்டணத்து மரக்கட்டைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள்; உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். கடைக்காரர் தந்த வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு கட்டையையும் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன், சாயம் ஒட்டவில்லை. டப்பாவின் வாய்க்குள் ஒன்றுகூட நுழையவில்லை. பன்னிரண்டு கட்டைகள், 650 ரூபாய்.

இருந்தாலும் அப்போதே பணத்தைக் கொடுக்கவில்லை. அவளுக்கு இப்போது என்னதான் வேண்டும் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாங்கிக் குவித்த பொம்மைகள் ஒரு மூலையில் கிடந்தன. அவளோ அடுக்களைக் கூடையிலிருந்து சின்ன வெங்காயத்தைத் தவிர்த்துவிட்டு, உருளைக்கிழங்கை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு குண்டானில் போட்டாள். நிறைந்ததும் கவிழ்த்தாள். மறுபடி போட்டாள். முக்கால் மணி நேரம் இதுவே நடந்தது. நடுவில் ஒரு கிழங்கு கைக்குள் அடங்காமல் வழுக்கியபோது, அதை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய விளையாட்டுக்கு வேண்டியது போடுவதற்குச் சில பொருள்களும், போட்டு வைக்க ஒரு பாத்திரமும்தான்.

அடுத்த நாளே கட்டைகளை வாங்கினேன். காரைக்குடியிலிருந்து வரும் நண்பரிடம் சொல்லி பனையோலையில் முடைந்த கூடையான செட்டிநாட்டுக் கொட்டான் ஒன்றையும் வரவழைத்தேன். ஓலையின் விளிம்பு பிஞ்சுக் கையைக் கீறிவிடக்கூடும் என்று அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு பட்டை கிழித்து வாய்ப்பகுதி முழுதும் சுற்றித் தைத்தார். தைத்து முடித்து, விபூதி டப்பாவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறந்தநாள் கூட்டத்தில் வந்து சேர்ந்த பரிசுகளில் மூன்று பேட்டரியில் ஓடுபவை. மாப்பிள்ளையும் நானும் திருப்புளியோடு உட்கார்ந்து அவற்றின் மூடிகளைப் பார்த்து, திருகாணி இல்லாத ஒன்றைப் பரணில் ஏற்றினோம். எங்கள் கொட்டானுக்கு அன்று பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை; கட்டைகளைக் கொட்டிவிட்டு, பலூனைத் துரத்திக்கொண்டு போய்விட்டாள். அதையும் வெடிக்குமுன் வாங்கி வைத்தோம், வெடித்த பலூனின் துண்டு தொண்டைக்கு மிகவும் ஆபத்தானது என்பதால்.

ஒரு வாரம் கழித்துத் தங்கை பேசினாள். கட்டைகளில் பாதி சோபாவுக்கு அடியில் கிடக்கின்றனவாம். கொட்டானை மட்டும் இரவில்கூடக் கீழே வைப்பதில்லையாம். தாத்தாவின் மூக்குக்கண்ணாடி காணவில்லை என்றால் இப்போதெல்லாம் முதலில் அதற்குள்தான் தேடுகிறார்களாம்.