கைலி போர்த்திய தொலைக்காட்சி

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அக்கா ஒருவரின் வீட்டுக் கூடத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு, நாங்கள் நான்கு பேர் கூடித் திரைப்படங்களின் பின்னணி இசையை மட்டும் கேட்பது இரண்டு ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரான ஐயா அதை இன்னமும் ‘ரீரெக்கார்டிங்’ என்றே சொல்வார். அக்காவும் நானும் ‘ஆர்.ஆர்.’ என்போம்; பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பிக்கு அது ‘பி.ஜி.எம்.’. பாட்டுக்கு அங்கே அனுமதி இல்லை என்பது எங்கள் முதல் விதி. அதை ஐயா மாதம் ஒருமுறையாவது மீறி, இரண்டு வரி பாடிவிட்டுத்தான் தேநீர்க் குவளையைக் கையில் எடுப்பார்.

இரண்டாவது விதி ஒரு சண்டையில் பிறந்தது. ஒரு காட்சியின் இசை தன்னை உலுக்கிவிட்டதாகத் தம்பி சொல்ல, உலுக்கியது இசையா அல்லது அந்த நடிகரின் கண்ணா என்று ஐயா கேட்க, பேச்சு தடித்துக்கொண்டே போனது. அக்கா எழுந்துபோய்க் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு கைலியை எடுத்து வந்து தொலைக்காட்சியின் மேல் போர்த்தினார். “இப்பக் கேளுங்க” என்றார். அன்று முதல், யார் எந்தக் காட்சியைக் கொண்டு வந்தாலும், முதலில் கைலிக்குப் பின்னாலிருந்து கேட்பதும், பிறகு துணியை விலக்கிப் பார்ப்பதும், அதன் பிறகே வாயைத் திறப்பதும் வழக்கமாகிவிட்டன. கேட்டவை அனைத்தும் ஒரு நோட்டுப் புத்தகத்தில், ‘கொண்டாடப்பட்டவை’, ‘கவனிக்கப்படாதவை’ என்ற இரண்டு பத்திகளில் ஏறுகின்றன.

எங்கள் தலைமுறைக்குப் பின்னணி இசை எப்படி வந்து சேர்ந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எது பிடிக்கும், எது கவனத்தில் படாமல் போகும் என்பது அங்கேதான் தீர்மானமாகிவிட்டது. கடையில் வாங்கிய ஒலிநாடாவில் பாடல்கள் இருந்தனவே தவிர, பாடல்களுக்கு நடுவே இரண்டரை மணி நேரம் ஓடிய இசை இருந்ததில்லை. அதைக் கேட்பதற்கு இருந்த ஒரே வழி கதை வசன நாடாக்கள். 1984இல் வெளிவந்த ‘விதி’ படத்தின் வசன நாடாவை என் தாயார் சமையலறையில் ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்வார். ஆரூர்தாஸ் எழுதிய நீதிமன்ற வசனங்கள் அவருக்கு மனப்பாடம். நான் அருகில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு, வசனம் நிற்கும் இடங்களில் சங்கர் கணேஷின் வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்தது அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகுதான். கைலி போர்த்திக் கேட்கும் பழக்கம் எனக்கு அப்போதே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இப்படிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, முணுமுணுக்கக் கூடிய ஒரு மெட்டு கையில் சிக்கினால்தான் அது நினைவில் நிற்கும். ஆகவே எங்கள் ‘கொண்டாடப்பட்டவை’ பத்தியில் ‘மௌன ராகம்’, ‘நாயகன்’, ‘தளபதி’, ‘பம்பாய்’ ஆகியவை முதல் மாதத்திலேயே ஏறிக்கொண்டதில் வியப்பில்லை. ‘நாயகன்’ முழுவதும் தென்பாண்டிச் சீமை மெட்டு ஒரு நிழலைப் போல் வேலு நாயக்கருடன் நடந்து வருகிறது. ‘பம்பாய்’ படத்தின் புல்லாங்குழல் இசையோ, எங்கெங்கோ எடுக்கப்பட்ட வேற்று மொழிப் படங்கள் வரை பயணம் போயிருக்கிறது. இவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் நான் இங்கே நிற்கப் போவதில்லை.

நின்று பேச வேண்டியது ஐயா கொண்டு வந்த காட்சியைப் பற்றி. எந்த விவாதத்திலும் விஸ்வநாதன் ராமமூர்த்தியிடமிருந்து தொடங்கி அவர்களிடமே வந்து முடிப்பவர் அவர். 1964இல் வந்த ‘புதிய பறவை’யைக் கொண்டு வந்தார். கோபால் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் படம் என்பதாலேயே எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அதன் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. ஆனால் ஐயா காட்டியது கப்பலை அல்ல, ரயிலை. ரயிலைக் கண்டால் நிலைகுலைந்து போகும் ஒருவனுக்கு, ரயிலின் இரைச்சலே பின்னணி இசையாகிவிடுகிறது என்பதும், அந்த இரைச்சல் எங்கே முடிகிறது, வாத்தியங்கள் எங்கே தொடங்குகின்றன என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல என்பதும் அவர் வாதம். கைலிக்குப் பின்னாலிருந்து கேட்டபோது எங்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உடனே அக்கா ‘தளபதி’யை எடுத்தார். சரக்கு ரயிலில் விடப்பட்ட குழந்தையின் கதை என்பதால் 1991இல் வந்த அந்தப் படத்திலும் ரயில்தான் உயிர்நாடி. கோயிலில் தாயும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் நிற்கையில் தொலைவில் ரயில் கூவுகிறது. இருவர் முகமும் மாறுகிறது. சின்னத் தாயவள் மெட்டு நம்மை அழ வைப்பதாகத்தான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறோம். துணியைப் போட்டும் எடுத்தும் இரண்டு முறை கேட்ட பிறகு, அந்தக் கூவல்தான் கதவைத் திறக்கிறது, மெட்டு திறந்த கதவின் வழியே உள்ளே வருகிறது என்று எனக்குத் தோன்றியது. இருபத்தேழு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு படங்களில் ஒரே ஒலி, ஒருவனுக்குக் குற்றமாகவும் இன்னொருவனுக்குத் தாயாகவும் ஒலிப்பதைக் கண்டுபிடித்த பெருமிதத்தில் அன்று நாங்கள் இரவு ஒரு மணிக்குத்தான் கலைந்தோம்.

ஒலிக்கும் இசைக்கும் நடுவிலுள்ள அந்த வரப்பில்தான் கவனிக்கப்படாத பல படைப்புகள் கிடக்கின்றன. நான் கொண்டு சென்றது ‘பேசும் படம்’. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த, வசனமே இல்லாத படம், இசை எல். வைத்தியநாதன். வயலின் மேதைகளான எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் அண்ணன் என்று அறிமுகப்படுத்தினால்தான் பலருக்கு அவரைத் தெரிகிறது. ‘மால்குடி டேஸ்’ தொடரின் முகப்பு இசை அவருடையது என்று சேர்த்துச் சொன்னால் முகம் மலர்கிறது. படத்தில் வேலையற்ற நாயகன், இரைச்சல் மிகுந்த பகுதியிலுள்ள அறையிலிருந்து ஆடம்பர விடுதிக்கு மாறுகிறான். அங்கே பஞ்சு மெத்தையில் தூக்கம் வரவில்லை. பழைய அறைக்குப் போய், அங்கு கேட்கும் இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்து வந்து, விடுதியில் ஓடவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். கைலிக்குப் பின்னாலிருந்து இந்தக் காட்சியைக் கேட்டபோது, வெறும் கூச்சலாக இருக்கிறதே என்று தம்பி நெளிந்தார். துணியை விலக்கியதும் சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. இசையமைப்பாளர் அங்கே ஒரு தாலாட்டை நுழைத்திருக்கலாம். வேறு எவராக இருந்தாலும் ஒருவேளை நுழைத்திருப்பார். அவர் ஒதுங்கி நின்று இரைச்சலுக்கு இடம் கொடுத்திருக்கிறார். இப்படி ஒதுங்கி நிற்பதை எந்த ஒலிநாடாவில் போட்டு விற்பது?

இசைஞானி இளையராஜா வேலை செய்யும் முறையைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருளில் ஆயிரம் அடி என்பது ஏறத்தாழ 11 நிமிடம். அந்தச் சுருளை இசையில்லாமல் பார்த்துவிட்டு, உடனே உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைக் கையால் எழுதிக் கொடுத்துவிடுவார். இதை எண்ணிப் பார்த்தால் எங்கள் சோதனையில் ஒரு கோளாறு இருப்பது தெரியும். அவர் இசை இல்லாத படத்திலிருந்து தொடங்குகிறார். நாங்களோ படம் இல்லாத இசையிலிருந்து தொடங்குகிறோம். எங்கே வாத்தியம் வேண்டாம் என்று அவர் முடிவு செய்த இடங்கள் எல்லாம் கைலியின் பின்னால் எங்களுக்கு வெறுமையாகத்தான் கேட்கும். அப்படியானால் முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். மூன்று முறை பார்த்தால் விடிந்துவிடும் என்று அக்கா மறுத்துவிட்டார்.

‘குருதிப்புனல்’ அக்காவின் தேர்வு. 1995இல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய, பாடல்களே இல்லாத படம், இசை மகேஷ். அதுவரை வசனமும் ஓசையும் இசையும் ஒரே குறுகிய ஒலித்தடத்தில் நெருக்கிக்கொண்டு வந்த திரையரங்குகளில், டால்பி முறையில் ஒலி நம்மைச் சூழ்ந்து வந்தபோது, தமிழ்ப் படத்தில் அமைதிக்குக் கூட ஓர் ஆழம் உண்டு என்று முதன்முறையாகத் தெரிந்தது. அந்த ஆழத்தை நிரப்பிவிடாமல் விட்டதுதான் மகேஷின் சாதனை என்பது என் கருத்து. கதவுகள், காலடிகள், மூச்சு ஆகியவற்றுக்கு நடுவே இசை இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்குச் சிக்கனம். கைலிக்குப் பின்னால் ஐயா கொட்டாவி விட்டார். துணியை விலக்கிய பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். 2002இல் மகேஷ் மறைந்துவிட்டார். நான்கைந்து படங்களுக்கு மேல் அவர் பெயரைச் சொல்லக் கூடியவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

தம்பியின் தேர்வு ‘பில்லா’வாக இருக்கும் என்று மற்ற மூவரும் பந்தயமே கட்டியிருந்தோம். 2007இல் வந்த அந்தப் படம் மலேசியாவில் எடுக்கப்பட்டது. பத்துமலையில் ஆட்டமும் உண்டு. அதன் முகப்பு இசை எத்தனையோ இளைஞர்களின் கைப்பேசியில் ஒலித்துக்கொண்டிருந்தது. 1980இல் வந்த மூலப் படத்துக்கு மெல்லிசை மன்னர் விஸ்வநாதன்தான் இசை என்று நினைவூட்ட ஐயா தயாராகக் காத்திருந்தார். ஆனால் தம்பி கொண்டு வந்தது அதே யுவன் சங்கர் ராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’. 2011இல் வந்த, பாடல் இல்லாத படம். ஒரே மனிதர் எழுதிய இரண்டில், நடக்கும்போது நமக்குத் துணை வரும் இசையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், கதைக்குள்ளேயே தங்கிவிட்டதை விட்டுவிட்டார்கள் என்றார். இதைத்தான் நான் இரண்டு ஆண்டுகளாகச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பந்தயப் பணத்துக்கு மறுநாள் நால்வருக்கும் ரொட்டி சானாய் வந்தது.

இடையில் ஒரு மனக்குறையையும் எழுதிவிடுகிறேன். மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ 2013இல் வந்தபோது, இளையராஜாவின் பங்கைப் பின்னணி இசை என்று குறிக்காமல் முன்னணி இசை என்றே முகப்பில் போட்டிருந்தார்கள். பாடலற்ற அந்தப் படத்தில் நரம்புக் கருவிகள் பேசும் அளவுக்கு மனிதர்கள் பேசுவதில்லை. அத்தகைய படத்தின் இறுதியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும், நான் பார்த்த அரங்கில் விளக்குகளைப் போட்டு, ஒலியைக் குறைத்து, துடைப்பத்துடன் ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டார்கள். காலைத் தூக்கச் சொன்னவரிடம், இசை இன்னும் முடியவில்லை என்றேன். படம் முடிந்துவிட்டது என்று அவர் பணிவாகவே பதில் சொன்னார்.

சென்ற மாதக் கூட்டம் முழுவதையும் ‘வீடு’ எடுத்துக்கொண்டது. பாலு மகேந்திராவின் அந்தப் படத்துக்கென்று இளையராஜா தனியாக இசை எழுதவில்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக் அவர்களுக்கும் காணிக்கையாக அவர் 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து பகுதிகளை இயக்குநர் எடுத்துப் பொருத்தினார். பாதி எழும்பிய வீட்டுக்குத் தாத்தா தனியாக வருகிறார். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதரின் மெலிந்த கை, பூசாத செங்கல் சுவரைத் தடவிக்கொண்டே போகிறது. எந்த வீட்டையும் எண்ணி எழுதப்படாத அந்த இசை, அந்தக் கைக்காகவே எழுதப்பட்டதைப் போல் கூடவே நகர்கிறது. இது பின்னணி இசைதானா? காட்சியைப் பார்த்து எழுதப்படாததைக் கணக்கில் சேர்க்க முடியாது, தைத்து வைத்த சட்டை ஒருவருக்குப் பொருந்திவிட்டால் அதற்குத் தையற்காரரைப் புகழ்வதா என்று ஐயா கேட்டார். சட்டையைத் தேர்ந்தெடுத்தவரைப் புகழலாமே என்றார் அக்கா. எனக்கோ, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதே இந்தக் கலையின் பாதி என்றால், அந்தப் பாதியைச் செய்தவர் பாலு மகேந்திரா என்றும், ஆகவே அந்த வரியில் இரண்டு பெயர்களை எழுத வேண்டும் என்றும் தோன்றியது. ஐயா ஒப்பவில்லை. கடைசியில் அக்கா அதைக் ‘கவனிக்கப்படாதவை’ பத்தியில் பென்சிலால் எழுதி வைத்தார்.

அடுத்த மாதம் ஐயாவின் முறை. ‘அக்ரகாரத்தில் கழுதை’யைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், இசையமைத்த எம்.பி. சீனிவாசனே அதில் பேராசிரியராகவும் நடித்திருக்கிறார் என்பதால், தன் முகத்துக்குத் தானே எழுதிய இசை எப்படி இருக்கும் என்பது கேள்வி. புறப்படும் நேரத்தில், கைலியை மடித்துக்கொண்டிருந்த அக்கா, ‘வீடு’ இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது என்று நினைவூட்டினார். ஐயா அழிப்பான் எங்கே என்று கேட்டார். தம்பி தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.