துணியில் மதுரை மல்லி

ஜனவரி 4

திருநகரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஏழாம் மாதம், தை பிறந்ததும் வளைகாப்பு. மல்லி வாசம் பட்டாலே குமட்டுகிறதாம். ஆனால் பூ ஜடை இல்லாமல் மணையில் உட்கார மனசு வரவில்லை. "துணியில மல்லி மாதிரியே பண்ணித் தருவீங்களாக்கா?" என்றாள்.

ரோஜா, செவ்வந்தி, தாமரை என்று கிளிப்புக்கும் ஹேர்பேண்டுக்கும் எத்தனையோ செய்திருக்கிறேன். மல்லி மட்டும் செய்ததில்லை. ஊரில் எல்லார் கண்ணுக்கும் பழகிய பூ. கொஞ்சம் பிசகினாலும் தெரிந்துவிடும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன். 26-ஆம் தேதி விசேஷம்.

ஜனவரி 6

விளக்குத்தூண் பக்கம் போய் வெள்ளை சாட்டின் ரிப்பன் வாங்கி வந்தேன். துண்டு துண்டாக வெட்டி, ஓரத்தை மெழுகுவத்தித் தீயில் லேசாகக் காட்டி உருக்கி, இருபது மொட்டு சுருட்டினேன். தனியாகப் பார்க்க அழகுதான். நிஜ மல்லி பக்கத்தில் வைத்ததும் கூசியது. சாட்டினைத் திருப்பிப் போட்டால் பளபளப்பு குறைகிறது, ஆனால் அந்த வெள்ளை நீலம் போட்ட வெள்ளை. மல்லியின் வெள்ளையில் பால் நிறம் ஓடுகிறது.

பனியில் வரத்து குறைந்து, பொங்கலும் நெருங்கியதால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இருபது ரூபாய்க்குக் கைக்குள் அடங்குகிற பூதான் கிடைத்தது. அதில் ஒரு மொட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தேன். குண்டு மொட்டு, நுனியில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கியிருக்கின்றன. அடியில் சின்னக் காம்பு. அந்த இடத்தில் பச்சை இழைகள் நூல் நூலாக விரிந்து மொட்டைத் தாங்குகின்றன. பிறந்ததிலிருந்து தலையில் வைக்கிற பூ, இந்த இழைகளை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஜனவரி 9

அப்பாவின் பழைய மல் வேட்டி. நீலம் போடாமல் துவைத்துத் துவைத்து வந்த நிறம், மொட்டின் பக்கத்தில் வைத்தால் அப்படியே பொருந்துகிறது!

பழக்கதோஷத்தில் அதன் ஓரத்தையும் தீயில் காட்டிவிட்டேன். குப்பென்று பிடித்துக்கொண்டது. பருத்தி உருகாது, காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகத்தான் போகும். உருகி ஓரம் கட்டிக்கொள்வது பாலியஸ்டர் துணிதான். அதனால் பருத்திக்குக் கஞ்சி. வடித்த கஞ்சியை வடிகட்டி, துணியை முக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போட்டேன். அப்புறம் ஒன்றரை அங்குலச் சதுரங்களாக கிராஸில், அதாவது இழைக்குக் குறுக்காகச் சாய்த்து வெட்டினேன். நேராக வெட்டினால் ஓரத்து இழை ஒவ்வொன்றாகக் கழன்று வருகிறது, கிராஸில் வெட்டினால் அவ்வளவு பிரிவதில்லை.

நடுவில் மிளகு அளவுக்குப் பஞ்சு வைத்து, முக்கோணமாக மடித்து, ஈர்க்குச்சியில் சுற்றி, நுனியை ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். குச்சியை உருவிவிட்டு அடியை இறுக்கிக் கட்டி, வெளிர் பச்சை நூலை நான்கைந்து சுற்று சுற்றி, மிச்ச நூலைப் பிரித்து ஊசிமுனையால் கோதிவிட்டேன். பச்சை இழைகள் வந்துவிட்டன. மொட்டுக்கு உயிர் வந்ததே அப்போதுதான்.

ஜனவரி 13

இருநூறு மொட்டு ஆயிற்று. ஜடைக்குக் குறைந்தது நானூறு வேண்டும். ஒரு மொட்டுக்கு மூன்று நிமிடம்.

ஜடை ஓரத்தில் விட ஒரு முழச் சரமும் கேட்டிருக்கிறாள். கட்டிப் பார்த்தேன், வழுக்கி வழுக்கி விழுந்தது. தெருமுனைப் பூக்கார அக்காவிடம் கொண்டுபோனேன். முதலில் முகர்ந்து பார்த்தார், அப்புறம்தான் துணி என்று தெரிந்து சிரித்தார். "காம்பு குட்டையா இருக்குத்தா, முடிச்சு எங்க நிக்கும்?" என்றார். கட்டுகிற நூலுக்குக் காம்பில் பிடிமானம் வேண்டும். அதுவே எனக்குத் தோன்றவில்லை. வாழைநார் காய்ந்தால் ஒடிந்துவிடும், நூலிலேயே கட்டு என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து காம்பைக் கால் அங்குலம் நீட்டி, நூலில் மெழுகைத் தேய்த்துக் கட்டினேன். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, சுற்றி ஒரு கண்ணி. நிற்கிறது.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். ஊசி தொடவில்லை.

ஜனவரி 19

ஜடை உச்சியில் ராக்கொடி என்ற வட்ட நகை இருக்கிற இடத்துக்கு ஒரு பெரிய சிவப்புப் பூ. அந்தப் பெண் தன் அம்மாச்சியின் கிழிந்த சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு துண்டு தந்திருந்தாள். சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி எடுத்த பழைய முடிச்சுச் சுங்குடி. புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது, மல்லிக்கு 2013-ல்தான். இரண்டும் ஒரே ஜடையில் சேருவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

வெள்ளை மொட்டுக்குப் பக்கத்தில் சாயம் இறங்கினால் எல்லாம் வீண். உப்புத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன். முதல் தடவை இளஞ்சிவப்பாக ஒட்டியது, மூன்றாவது தடவை ஒன்றும் இல்லை. வட்டங்களாக வெட்டி, பாதியாக மடித்து, வளைவோரம் ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுத்தால் இதழ் சுருங்கி வருகிறது. புள்ளி இதழின் நடுவில் விழுகிற மாதிரி வட்டத்தை நகர்த்தி நகர்த்தி வெட்டியதில் அரை நாள் போய்விட்டது. போகட்டும்.

ஜனவரி 23

ஜடை முடிந்தது. ஃபெல்ட் பட்டையில் வரிசை வரிசையாகத் தைத்திருக்கிறேன். க்ளூ கன்னைத் தொடவே இல்லை. பசை மல் துணியில் ஊறிக் கறையாகத் தெரியும்.

ஆனால் அம்மாச்சிக்கு மனசு ஆறவில்லையாம். நல்ல காரியத்தில் தலையில் நிஜப் பூ ஒன்றுகூட இல்லாமலா என்று கேட்கிறாராம். கேட்பது நியாயம்தான், என் அம்மா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். ராத்திரி படுத்தபிறகு கனகாம்பரம் ஞாபகம் வந்தது. அதற்கு வாசமே கிடையாது. காலையில் போன் போட்டுச் சொன்னேன். அம்மாச்சியே ஃபோனை வாங்கி, "ரெண்டு முழம் வாங்கிடுறேன் தாயி" என்றார்.

ஜனவரி 27

நேற்று போயிருந்தேன். ஜடையின் இரண்டு ஓரமும் கனகாம்பரம், நடுவில் என் மொட்டுகள், உச்சியில் சுங்குடி. வளையல் அடுக்கி முடிக்கிற வரை அவளுக்குக் குமட்டவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் ஜடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேத்தியின் ஆண்டு விழாவுக்கு முல்லையில் ஒரு சரம் கேட்டிருக்கிறார்.

முல்லை மொட்டு ஒல்லி. பஞ்சு வேண்டியதில்லை, சதுரத்தைக் கால் அங்குலம் குறைத்துப் பார்க்க வேண்டும். வேட்டியில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.