காலை நான்கு மணிக்கு இரண்டாவது லிட்டர்

அப்பாவுக்கு முதல்முறை கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) செய்தபோது, பெருங்குடலின் வலப்பக்கம் சரியாகத் தெரியவில்லை என்று கூறி மூன்று மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்லிவிட்டார்கள். நான்கு லிட்டர் பேதி மருந்தையும் முந்தைய இரவே குடித்து முடிக்கும்படி எழுதித் தந்திருந்தார்கள். பாதியைத் தாண்டியதுமே குமட்டி, மீதியை அவர் தொடவேயில்லை. அறுபத்து நான்கு வயதுக்காரரிடம் அதை எதிர்பார்த்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்த முறை வேறொரு மருத்துவர், பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பேதி மருந்துடன் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, சேர்ந்த தூளைத் தந்தார். அவ்வளவு அதிகமான வைட்டமின் சி முழுவதும் உறிஞ்சப்படாமல் குடலில் தங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்வதால், இரண்டு லிட்டர் மருந்தே போதுமானதாகிறது. இடையிடையே இளநீரும் வெறும் தண்ணீரும் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ ஜி6பிடி குறைபாடோ (இரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும் பிறவி நொதிக் குறைபாடு) உள்ளவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அளவைவிட முக்கியமானது நேரம். மாலை 6 மணிக்கு ஒரு லிட்டர், காலை 4 மணிக்கு இன்னொரு லிட்டர், 9.30க்குப் பரிசோதனை. இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த கசடு இறங்கி வலப்பக்கச் சுவரில் படிந்துகொண்டே இருப்பதால், எளிதில் கண்ணுக்குத் தப்பும் தட்டையான பாலிப்புகள் (குடல் சுவரில் வளரும் சிறு திசு வளர்ச்சிகள்) அதனடியில் மறைந்துவிடுகின்றன. அதைக் கழுவுவது காலை மருந்துதான். பாலக்கோட்டிலிருந்து அந்த நிலையில் பேருந்தில் வர முடியாது என்பதால், முதல் நாளே தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கிவிட்டோம்.

எங்கள் பகுதி வீடுகளில் கடினமானது களியை விடுவதுதான். கேழ்வரகுத் தவிடு, கீரை, கொள்ளு, தக்காளி விதை எல்லாம் குடலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், மூன்று நாட்கள் அம்மா வெள்ளைச்சோறும் மோரும் இட்லியுமே கொடுத்தார். சர்க்கரை மாத்திரையை மருத்துவர் சொன்னபடி நிறுத்தினோம்.

காலை நான்கு மணிக்குக் கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளராக நான் ஊற்றித் தந்தேன். "புளிச்ச எலுமிச்சைத் தண்ணியாட்டம் இருக்குது கண்ணு" என்றபடி குடித்தார். ஐந்தரை மணிக்குள் லிட்டர் முடிந்தது. ஆறரைக்குள் மஞ்சள் நிறத் தெளிநீர் மட்டுமே போயிற்று.

அறிக்கையிலிருந்த படத்தில் குடல்வால் தொடங்கும் துளை வரை சுவர் இளஞ்சிவப்பாகத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, வலப்பக்கத்தில், ஆறு மில்லிமீட்டர் அளவில் ஒரு தட்டையான பாலிப்பும் இருந்தது. மருத்துவர் அப்போதே அதை எடுத்து பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பிவிட்டார்.