தப்பிய கப்பல்களும் வராத கப்பல்களும்

கடல் முற்றுகையின் வெற்றியைப் பிடிபட்ட கப்பல்களை எண்ணி அளப்பது பிழையான கணக்கு என்றே கருதுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861 ஏப்ரலில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் துறைமுகங்களை மறிப்பதாக ஜனாதிபதி லிங்கன் அறிவித்தபோது, ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர் நீளமான அந்தக் கரையைக் காவல் செய்யப் போதிய கப்பல்கள் அவரிடம் இருக்கவில்லை. கடற்படை பெருகிய பின்னரும், முற்றுகையை மீறி ஓடிய நீராவிக் கப்பல்களிற் பெரும்பாலானவை தப்பியே சென்றன. ஆயினும் தெற்கின் பொருளாதாரம் நொடிந்தது.

பிரித்தானியத் தீவுகளிலிருந்த நசா துறைமுகத்திலிருந்தும் பெர்முடாவிலிருந்தும் இருளிற் பதுங்கி வருவதற்கு ஒடுக்கமான, வேகமான கப்பல் வேண்டும்; அதிற் கனத்த சரக்கு அதிகம் ஏறாது. இருந்த சொற்ப இடத்தையும் உரிமையாளர் பலர் இலாபம் மிகுந்த பட்டுக்கும் மதுவுக்கும் ஒதுக்கினார்கள். ஆடம்பரப் பொருள்களின் இறக்குமதியைத் தெற்கு அரசு தடைசெய்தது 1864இன் தொடக்கத்தில்தான். முன்னர் அச்சமின்றி வந்துபோன பெரிய வணிகக் கப்பல்களோ அந்தப் பக்கம் தலைவைக்கவேயில்லை. உண்மையான இழப்பு அந்த வராத கப்பல்களில்தான் இருந்தது.

கரையோரக் கப்பற் போக்குவரத்தும் நின்றுபோனதால், அது சுமந்த பாரம் முழுவதும் புகையிரதப் பாதைகளின் தலையில் விழுந்தது; தேய்ந்த தண்டவாளங்களுக்குப் பதிலாகப் புதியவை கிடைக்கவில்லை. ஓரிடத்தில் தானியம் தேங்கிக் கிடக்க இன்னோரிடத்தில் மக்கள் பசித்திருந்தனர். இறைச்சியைப் பதப்படுத்தும் உப்புக்கே தட்டுப்பாடு வந்தது. சுங்க வருமானம் வற்றிய அரசு நாணயத்தாள்களை அச்சடித்துத் தள்ள, போரின் முடிவில் விலைகள் ஏறத்தாழ 90 மடங்காக உயர்ந்திருந்தன. 1863 ஏப்ரலில் தெற்கின் தலைநகர் ரிச்மண்டிலேயே பெண்கள் பாணுக்காகத் தெருவில் இறங்கிக் கடைகளை உடைத்தார்கள். (1990களில் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெயும் பற்றரியும் சவர்க்காரமும் போகாதிருந்த காலத்தைக் கொழும்பிலிருந்து கேட்டறிந்தவர்களுக்கு, தட்டுப்பாடு முதலில் அடுப்படியைத்தான் தொடும் என்பது புதிதல்ல.)

தெற்கும் தன் பங்குக்குக் கெடுத்துக்கொண்டது. பருத்தியை அனுப்பாமல் வைத்திருந்தால் பிரித்தானியா தன் பக்கம் வந்தே தீரும் என்று நம்பி, முற்றுகை இன்னும் தளர்வாயிருந்த 1861இலேயே ஏற்றுமதியை நிறுத்தியது. பிரித்தானிய ஆலைகளிடமோ கையிருப்பு இருந்தது. அது தீர்ந்தபின் எகிப்தும் இந்தியாவும் பருத்தி கொடுத்தன, பம்பாய் வணிகர்கள் கொழித்தார்கள்.

முற்றுகை மட்டுமே போரை வென்றது என்று சொல்லமாட்டேன். நிலத்தில் வடக்கின் படைகள் முன்னேறாவிடில் போர் இன்னும் பல ஆண்டுகள் இழுபட்டிருக்கும். ஆனால் 1865 ஜனவரியில் ஃபிஷர் கோட்டை வீழ்ந்து வில்மிங்டன் துறைமுகத்தின் வாய் அடைபட்டபோது, தெற்கின் தளபதி ஜெனரல் லீயின் படைக்கு வெளிநாட்டுப் பொருள்கள் வந்துகொண்டிருந்த கடைசிப் பெரிய வழியும் மூடிக்கொண்டது. ஏப்ரலில் அவர் சரணடைந்தார்.