பசங்க கைல பாக்கெட் மணி
பிள்ளைங்களுக்கு எவ்ளோ கொடுக்கறோம்ங்கறத விட எப்ப கொடுக்கறோம்ங்கறதுதான் பெரிய விஷயம்னு எனக்கு தோணுது. கேக்கும்போதெல்லாம் எடுத்துக் கொடுத்தா அது பாக்கெட் மணியே இல்ல, குறிப்பிட்ட நாள்ல குறிப்பிட்ட தொகை, சின்ன பிள்ளைன்னா வாரத்துக்கு ஒருதடவ, கொஞ்சம் வளந்தா மாசத்துக்கு ஒருதடவ, அப்பதான் கைல இருக்கறத வச்சு நாள ஓட்டணும்ங்கற யோசனையே வரும்.

எங்க பொண்ணுக்கு மூடின உண்டியல் வேணாம்னு கண்ணாடி பாட்டில் வச்சோம், காசு ஏறுறது கண்ணுக்கு தெரியணும்ல. மேல பேப்பர் ஒட்டி கலர் பென்சில் பாக்ஸ் படம் அவளே வரைஞ்சு, இன்னும் எவ்ளோ வேணும்னு பழைய நம்பர அடிச்சு அடிச்சு கீழ புதுசு எழுதிட்டே வரா.

மார்ஷ்மெல்லோ டெஸ்ட் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில வால்டர் மிஷல்ங்கற உளவியல் ஆய்வாளர் சின்ன பிள்ளைங்கள வச்சு பண்ணது, முன்னாடி வச்ச மிட்டாய உடனே சாப்டா ஒண்ணு, கொஞ்ச நேரம் காத்திருந்தா ரெண்டு. காத்திருந்த பிள்ளைதான் பின்னாடி நல்லா வரும்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா 2018ல வந்த பெரிய ஆய்வுல குடும்ப சூழலையும் கணக்குல எடுத்து பாத்தா அந்த தொடர்பு ரொம்பவே குறைஞ்சு போச்சு. அதனால ஒரே நாள்ல செலவு பண்ணிட்ட பிள்ளய ஊதாரின்னு மட்டும் திட்டாதீங்க ப்ளீஸ். திட்டவும் வேணாம், அடுத்த வார காச முன்னாடியே கொடுக்கவும் வேணாம், அந்த வாரம் அப்படியே போகட்டும்.

அப்புறம் அவசரத்துக்கு பெரியவங்க அந்த பாட்டில்ல கை வச்சா பிள்ளகிட்ட கேட்டுட்டு எடுங்க, சொன்ன நாள்ல திருப்பி வச்சிடுங்க.